வெள்ளி வந்த வழியில் ஸ்பெயினுக்கு

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரம் வாங்கினாலும் சரி, ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கினாலும் சரி, "எத்தனை வெள்ளி?" என்றுதான் இன்னும் கேட்கிறோம். கைப்பேசியை நீட்டிப் பணம் கட்டும் காலம் வந்துவிட்டது. வெள்ளியும் இல்லை, நோட்டும் இல்லை. சொல் மட்டும் போகவில்லை. மலாய்க்காரர் சொல்லும் ரிங்கிட்டும் இதே கதைதான். ரிங்கிட் என்றால் பல் பல்லான விளிம்பு. ஒரு காலத்தில் நம் துறைமுகங்களில் புழங்கிய ஸ்பானிய வெள்ளிக் காசின் ஓரம் அப்படித்தான் இருந்தது.

கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வார்கள். 1786இல் ஃபிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது இங்கே காட்டை வெட்ட ஆள் கிடைக்கவில்லையாம். பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடியே எல்லோரும் காட்டை வெட்டித் தள்ளினார்களாம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, காசு நிஜம். 1791இல் போட்ட ஒப்பந்தப்படி இந்தத் தீவுக்காகக் கெடா சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் பேசினார்கள். 1800இல் எதிர்க்கரையும் சேர்ந்தபோது அது 10,000 ஆயிற்று. பெரும்பாலும் மெக்சிகோவில் அச்சான காசுகள் அவை. பசிபிக்கைத் தாண்டி மணிலா வந்து, அங்கிருந்து ஆசியா முழுக்கப் பரவின.

அதனால்தான், "ஸ்பெயினுக்குப் போக வெள்ளி சேர்க்கிறோம்" என்று வீட்டில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் வீட்டு ஸ்பெயின் கனவு பழையது. 2020 ஏப்ரலுக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டோம். 12 நாளில் ஐந்து ஊர் என்று தங்கை ஒரு பட்டியல் போட்டிருந்தாள். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. டிக்கெட் பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரவே ஒன்றரை ஆண்டு ஆனது. பணம் போனது கூடப் பெரிதில்லை. அப்போது அம்மா தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளையும் பால்குடத்தோடு ஏறுவார். இப்போது அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறார். "நீங்க போயிட்டு வாங்கடா, எனக்கு எதுக்கு" என்கிறார். அம்மா இல்லாமல் போவதாக இல்லை. ஆகவே பட்டியலை அவருடைய முழங்காலைக் கேட்டுத் திருத்தினோம். ஐந்து ஊர் மூன்றாகி, கடைசியில் ஒன்று ஒட்டிக்கொண்டது.

முதல் ஊர் செவில். அமெரிக்கக் கண்டத்து வெள்ளி ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல் அது. குவாதல்கிவீர் ஆற்றில் கப்பல்கள் உள்ளே வரும். 1717இல் அந்த வணிக உரிமை காடிஸ் துறைமுகத்துக்குப் போகும்வரை செவில்தான் ராஜா. அங்கே பேராலயத்துக்குப் பக்கத்திலேயே 'இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகம்' இருக்கிறது. அமெரிக்காவையும் பிலிப்பீன்ஸையும் ஆண்ட நாள்களின் தாள்கள் எல்லாம் அங்கேதான். அதை அமைத்தவர் மன்னர் மூன்றாம் கார்லோஸ். ஆண்டு 1785. லைட் இங்கே கரையிறங்குவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு. லைட் காலத்து வெள்ளிக் காசில் பதிந்திருந்த முகமும் அதே மன்னருடையதுதான். சுற்றுலாப் பயணிகள் பலர் அந்தக் கட்டடத்தை வெளியே நின்று படம் பிடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பினாங்குக்காரர் அப்படிப் போகக் கூடாது.

பேராலயத்தின் ஹிரால்டா கோபுரம் 12ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசல் மினாராவாகக் கட்டப்பட்டது. நூறு மீட்டருக்கு மேல் உயரம். உள்ளே படிக்கட்டு கிடையாது. தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே ஏறிப் போகும்படி 35 சரிவுப் பாதைகள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உச்சியில் மட்டும் கொஞ்சம் படி. இதைப் படித்த அன்றுதான் அம்மாவின் பெயர் பட்டியலில் மறுபடி ஏறியது. மெதுவாக, நின்று நின்று ஏறலாம். முடியாவிட்டால் பாதியில் ஜன்னல் ஓரம் நின்று ஊரைப் பார்த்துவிட்டு இறங்கலாம்.

செவிலின் பெரிய திருவிழா ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். ஒவ்வொரு தேவாலயத்துச் சபையும் தன் சுரூபத்தை மரத் தேர் போன்ற மேடையில் வைத்துப் பேராலயத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும். பல மணி நேரம், சில சமயம் விடிய விடிய. சக்கரம் இல்லை, மாடு இல்லை. மேடைக்கு அடியில் துணித் திரைக்குள் ஆட்கள் குனிந்து நின்று கழுத்தால் தாங்குகிறார்கள். தலையில் ஒரு துணிச் சுருணை கட்டிக்கொள்கிறார்கள். நம் சும்மாடேதான். 1894இல் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் வெள்ளி ரதம் லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து புறப்படும் காலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் அந்நியமாகத் தோன்றாது. தேங்காய் உடைக்கத்தான் ஆள் இருக்காது. ஆனால் அந்த வாரம் தங்குமிடக் கட்டணம் ஏறிவிடும், தெருக்களை அடைத்துவிடுவார்கள். வயதானவர்களோடு போவதற்கு அது வேண்டாம் என்பதே என் முடிவு. தங்கைக்கு இதில் இன்னும் கோபம்.

செவிலிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் கோர்தோபா. இங்கே ஓர் இரவு போதும், ஒரே ஒரு கட்டடத்துக்காக. 785 வாக்கில் தொடங்கிய பள்ளிவாசல், 800க்கும் மேற்பட்ட தூண்கள், சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். 1236இல் கிறிஸ்தவர் கைக்கு வந்தது. பிறகு 16ஆம் நூற்றாண்டில் தூண்களின் நடுவிலேயே ஒரு பேராலயத்தை எழுப்பினார்கள். நம் ஊரில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் குவான் யின் கோயிலும் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சில நிமிட நடையில் வந்துவிடும். அப்படியே குவீன் ஸ்திரீட்டுக்குத் திரும்பினால் மகாமாரியம்மன். அவரவர் இடம் அவரவருக்கு. அங்கே ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று இருக்கிறது. அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் படங்களைப் பார்க்கும்போதே எனக்கு மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை.

மூன்றாவது கிரனாடா, அதாவது அல்ஹம்ப்ரா. இதற்கு எச்சரிக்கை ஒன்று உண்டு. டிக்கெட்டைப் பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் எடுக்க வேண்டும். கடப்பிதழ் எண்ணோடு பெயருக்குத்தான் தருகிறார்கள். நஸ்ரித் அரண்மனைகளுக்கு உள்ளே போகும் நேரமும் அதில் குறித்திருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அந்தப் பகுதி போனதுதான். நம் ஆட்கள் "பத்து நிமிஷம்தானே" என்று வாசலில் பேசிப் பார்ப்பது அங்கே நடக்காது. மலைமேல் இருந்தாலும் நகரிலிருந்து சிற்றுந்து போகிறது. 12 கல் சிங்கங்கள் தாங்கும் நீரூற்றுத் தொட்டி, தரையில் ஓடும் வாய்க்கால், தோட்டம் என்று அரை நாள் பிடிக்கும். 1492 ஜனவரி 2ஆம் தேதி கடைசி முஸ்லிம் மன்னர் இதை விட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதே ஆண்டில்தான் கொலம்பஸ் கப்பல் ஏறினார். வெள்ளி, மிளகாய், தக்காளி எல்லாம் அதற்குப் பின் வந்த வரவு.

ஒட்டிக்கொண்ட நான்காவது பார்சலோனா, தங்கைக்காக. கௌடியின் சக்ராடா ஃபமிலியா ஆலயம் 1882இல் தொடங்கியது. 1926இல் டிராம் மோதி விழுந்த கௌடியை, கந்தலான உடையைப் பார்த்து யாரோ ஏழைக் கிழவர் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு நாள் போதும். பிக்பாக்கெட்காரர்கள் அதிகம் என்பதால் கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? ஜூலை, ஆகஸ்டில் செவிலும் கோர்தோபாவும் 40 டிகிரியைத் தாண்டும். பினாங்கு வெயில் பழக்கம் என்று துணியாதீர்கள். ஏப்ரல், மே, அக்டோபர் நல்லது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு டிசம்பர்தான் வழி. பகல் இதமாக இருக்கும், கிரனாடா இரவு நடுக்கும். பினாங்கிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா நாடு அல்லது இஸ்தான்புல் வழியே மாறிப் போக வேண்டும். மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்வரை விசா வேண்டாம். ஆனால் 'எட்டியாஸ்' என்ற இணைய முன்னனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருப்பதால் டிக்கெட் எடுக்குமுன் நிலவரம் பாருங்கள். தமிழ்நாட்டு உறவினர் உடன் வந்தால் அவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம்.

சாப்பாடுதான் அம்மாவின் பெரிய கவலை. பன்றி இறைச்சி எதில் ஒளிந்திருக்கும் என்றே தெரியாது. குளிர்ந்த தக்காளி சூப்பின் மேல்கூடத் தூவிவிடுவார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் செவிலில் பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் சமைப்பது உள்ளூர்ப் பதார்த்தம். அதைச் சொன்னதும் அம்மா முகம் மாறியது. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். நம் வீடுகளுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

மொழிக்கும் பயப்பட வேண்டாம். மேசைக்கு அவர்களும் 'மெசா' என்பார்கள். மலாயில் கொடிக்கு 'பெண்டேரா', அங்கே 'பண்டேரா'. சட்டைக்கு இங்கே 'கெமேஜா', அங்கே 'கமீசா'. போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்களும் ஸ்பானியமும் பங்காளிகள். ஆரஞ்சுக்கு அவர்கள் சொல்லும் 'நராங்ஹா', நம் நாரத்தை வடமொழி, பாரசீகம், அரபு வழியாக நடந்து போய்ச் சேர்ந்தது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். செவில் தெருக்களில் வரிசையாக நிற்பதும் அந்த மரம்தான். பழம் கசக்கும், யாரும் அப்படியே தின்ன மாட்டார்கள். வசந்தத்தில் பூ வாசனை ஊரை நிறைக்கும். டிசம்பரில் போனால் மரம் முழுக்கப் பழம்.

இதை வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான். "தெருவிலேயே காய்க்குதா? பறிக்க விடுவாங்களா?"

விடமாட்டார்கள், நகராட்சியே அறுவடை செய்துகொள்ளும் என்றேன்.

"கீழே விழுந்தத எடுக்கலாம்ல?" என்றார். பயணப் பெட்டியில் ஒரு பொட்டலம் கல்லுப்பு வைக்க இடம் விடச் சொல்லியிருக்கிறார்.