காற்றுக்கு எதற்கு வாடகை?

சைக்கிள்களை ஏற்றிப்போக எந்த வண்டி நல்லது? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் வண்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குட்டி யானையா, லாரியா, ரயில் பார்சலா என்று. நான் சைக்கிளிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

பெரியவர்கள் ஓட்டும் சாதாரண சைக்கிள் ஒன்று சுமார் 20 கிலோ. அவ்வளவையும் இரும்பாகக் கணக்கிட்டு உருக்கி ஊற்றினால் இரண்டரை லிட்டர்தான் வரும். மூன்று தண்ணீர் பாட்டில் போதும். ஆனால் அதே சைக்கிளை நிறுத்திவைத்து, நீள அகல உயரம் எடுத்துச் சுற்றி ஒரு பெட்டி அடித்தால் அது 1200 லிட்டர் இடத்தை அடைக்கும். மிச்சமெல்லாம் காற்று. சைக்கிளை முழுசாக ஏற்றுகிறவர் காற்றுக்குத்தான் வாடகை கொடுக்கிறார்.

இந்தக் கணக்கைப் போட வேண்டிய தேவை எனக்குப் போன வருடம் வந்தது. சென்னையில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் 22 சைக்கிள்கள் தூசி மண்டிக் கிடந்தன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், சைக்கிள்கள் வளரவில்லை. பழைய இரும்புக்குப் போடப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரான செட்டியார்பட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னேன். அரசு தரும் விலையில்லா சைக்கிள் பிளஸ் ஒன்னில்தான் கைக்கு வருகிறது. பள்ளிக்கூடத் தூரமோ ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து செட்டியார்பட்டிக்கும் தளவாய்புரத்துக்கும் சேத்தூருக்கும் நடந்து வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்திலும் கோடையிலும் முதலில் வருகை குறைவது அவர்களுக்குத்தான். சென்னைப் பிள்ளைகள் ஓட்டி முடித்த உயரம் அவர்களுக்குச் சரியாக இருக்கும்.

ஊருக்கு 550 கிலோமீட்டருக்கு மேல். முதலில் ரயில். பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்தில் நிற்கும், ஆனால் சில நிமிடங்கள்தான். அதற்குள் 22 சைக்கிளை இறக்க ஒரு படையே வேண்டும். ஆம்னி பஸ்ஸின் அடிவயிற்றில் நாலைந்து போகும். அதுவும் அன்றைக்குப் பயணிகளின் மூட்டை எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

குட்டி யானை, அதாவது 2005-இல் வந்த டாடா ஏஸ், எல்லோர் மனதிலும் முதலில் வரும் வண்டி. தளம் சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம். முக்கால் டன் தாங்கும். எடைக் கணக்கில் முப்பதுக்கு மேல் சைக்கிள் ஏற்றலாம். இடக் கணக்கில், ஹேண்டில்பாரைத் திருப்பி, ஒன்று முன்னோக்கி ஒன்று பின்னோக்கி என்று மாற்றி மாற்றி நிறுத்தினாலும் ஆறேழு. மேலே படுக்கப்போட்டுக் கயிறு கட்டினால் பத்து. வண்டியின் திறனில் கால்வாசியோடு முழு வாடகை, அதுவும் மூன்று நடை. பக்கத்து ஊருக்கு என்றால் அதுவே நல்ல வண்டி. சென்னைக்கு இல்லை.

ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனில் சொன்னேன்.

"எதுக்கு தம்பி முழுசா ஏத்துறீங்க? கழட்டி அனுப்புங்க. பூட்டுறது என் பாடு."

"எனக்குக் கழட்டத் தெரியாதே அண்ணாச்சி."

"கம்ப்யூட்டர் பாக்குதீங்க, இது தெரியாதா? சொல்லுதேன், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். இடது பெடலின் மரை தலைகீழ். அதை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். முன்சக்கரத்தை எடுத்ததும் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு மரத்துண்டை வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நசுங்கிவிடும். செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு சைக்கிளின் நட்டு போல்ட்டும் தனிப் பையில், அந்தந்த பிரேமிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அடுக்ககத்துப் பிள்ளைகளே பாதி வேலையைச் செய்தார்கள். சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி ஏற்றிவந்து, பாதி காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரியில் இடம் கிடைத்தது. முழுசாக நிறுத்தியிருந்தால் தளம் மொத்தத்தையும் அடைத்திருக்கும். கழற்றியதால் பின்கதவை ஒட்டி ஐந்தாறு அடியில் அடங்கிவிட்டது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. லூதியானாவிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ கடைக்கு வந்த சைக்கிள்கள் காலங்காலமாகப் பிரித்துத்தான் வந்தன. பூட்டுவது கடைக்காரர் வேலை. அரசு சைக்கிள்களும் அப்படித்தான். பாகங்களாக லாரியில் வந்து இறங்கும். பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து ஆட்கள் பூட்டிக்கொண்டிருப்பார்கள். மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான சைக்கிள்கள் போய்ச் சேருவது, போய்ச் சேரும் இடத்தில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒரு கை இருப்பதை நம்பித்தான்.

ஆகவே என் பதில் இது: பூட்டுவதற்கு அந்த ஊரில் ஆள் இருந்தால், அந்தப் பக்கம் திரும்பிப்போகும் எந்த லாரியின் மூலையும் நல்ல வண்டிதான். ஆள் இல்லாவிட்டால் பெரிய வண்டி பிடித்துக் காற்றையும் சேர்த்து ஏற்றிப்போக வேண்டியதுதான்.

லாரி வாடகையில் மிச்சமான பணத்தை அண்ணாச்சிக்குக் கூலியாகக் கொடுத்தோம். முதலில் வேண்டாம் என்றார். "இது உங்களுக்கில்ல அண்ணாச்சி, ஏத்தாம விட்ட காத்துக்கு" என்றதும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பத்தொன்பது சைக்கிள்கள் ஓடின. மூன்று, மற்றவற்றுக்கு உதிரிபாகம் ஆயின. அவருக்கு வயது அறுபத்தெட்டு. கடையில் உதவிக்குப் பையன் கிடையாது. பஞ்சர் ஒட்ட வருகிற பிள்ளைகளை, "நீயே ஒட்டு, நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்.