கொடி

ரயில் புறப்படப் பச்சைக் கொடி; நிறுத்தச் சிவப்புக் கொடி. கோயிலில் உற்சவம் தொடங்கினால் கொடியேற்றம். பிறந்த சிசுவுக்குத் தொப்புள்கொடி. மணமகள் கழுத்தில் தாலிக்கொடி. கொல்லையில் அவரைக்கொடி படர்கிறது. அதற்கு இரண்டடி தள்ளித் துணி உலர்த்தும் கொடி கட்டியிருக்கிறது. இவையெல்லாம் ஒரே சொல்லா, ஒலியால் மட்டும் ஒத்த பல சொற்களா என்று நம் வகுப்பில் ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவன் கேட்காமல் இருப்பதில்லை.

ஒரே சொல் என்பதுதான் நம் அபிப்பிராயம். அண்டை மொழிகள் அதற்குச் சாட்சி கூறுகின்றன. கன்னடத்தில் 'குடி' என்றால் நுனி, தளிர். துவஜத்துக்கும் அதுவே பெயர். மலையாளத்தில் 'கொடி' உச்சியையும் குறிக்கும். தெலுங்கிலோ 'கொடி' என்பது நுனி. விளக்கின் சுடரையும் அப்படிச் சொல்வதுண்டு. ஆகவே, உயரத்தில் நின்று துடிக்கும் நுனி எதுவோ, அதற்கு முன்னோர் இட்ட பெயர் இது என்று கொள்வதில் தடையில்லை. வடமொழியில் துவஜஸ்தம்பம் என்பதை நாம் கொடிமரம் என்கிறோம். கொடி என்றால் அது பற்றி ஏற ஒரு மரம் வேண்டுமல்லவா?

அந்தக் கொடி செய்தி சொல்லவும் வெகு காலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டது. உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையைப் படித்தவர்கள் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை மறக்க மாட்டார்கள். தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. கற்றறிந்தோர் வாதுக்கு அழைத்து நாட்டியது ஒரு கொடி. துறைமுகத்தில் அசையும் நாவாய்களின் மேல் கொடிகள். கள்ளுக் கடையிலும் ஒரு கொடி பறந்தது. மதுவிலக்கு அன்பர்கள் புலவரை மன்னிப்பார்களாக! எழுத்தறியாதவனும் தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தாலே, எங்கே என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

1932 ஜனவரியில் திருப்பூரில் தேசியக் கொடியேந்தி ஊர்வலம் சென்ற தொண்டர்களைப் போலீஸார் தடியால் அடித்தனர். குமரன் என்னும் இளைஞர் மண்டையில் அடிபட்டு வீழ்ந்தார். பிடித்த கொடியை மட்டும் விடவில்லை. 11-ஆம் தேதி அவர் ஆவி பிரிந்தது. அசோகச் சக்கரம் பொறித்த கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22-இல்தான். குமரன் காலத்துக் காங்கிரஸ் கொடியில் இருந்தது இராட்டை. ஜனங்கள் அவருக்கு அளித்த பட்டம் 'கொடி காத்த குமரன்'.

ஒரு முழத் துணிக்காகவா ஒருவர் உயிரை விடுவார் என்று கேட்கும் மாணவனும் உண்டு. துணி என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவனுக்கு விடை சொல்ல இயலாது. சுதந்திர தினத்தன்று மாலையில் தெருவில் மிதிபட்டுக் கிடக்கும் காகிதக் கொடிகளை நம் மாணவர்கள் பொறுக்கிச் சேர்ப்பது வழக்கம். அப்பொழுது நாம் அவர்களிடம் அவரைக்கொடியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம்.