செந்தூலா, பிரிக்ஃபீல்ட்ஸா?

எங்கள் வீட்டுக்காரருக்கு அறுபது வயது முடிந்ததும் தோட்ட ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் லயன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டுமாம். நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இதே தோட்டத்தில்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும் நாங்கள் நகரவில்லை.

மகள் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் தாதி. வாடகை அறையில் தங்கிக்கொண்டு, ஏழு வயதுப் பையனை எங்களிடம் விட்டிருக்கிறாள். "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா. நான் நைட் டூட்டி போனா பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணும்" என்றாள். சரி, எந்த இடத்திற்கு? என் தம்பி பிரிக்ஃபீல்ட்ஸ் என்றான். நாத்தனார் செந்தூல் என்றார். இரண்டையும் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தோட்டத்தை விட்டுப் புறப்படும் சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுங்கை பூலோவில் ரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினோம். 2001-இல் திறந்த நிலையம்; அதைக் கடந்து தெருவுக்கு வருவதற்குள்ளேயே எனக்குக் கால் வலித்துவிட்டது. வெளியே வந்தால் மல்லிகை வாசம்! பூக்கடை, புடவைக்கடை, பலகாரக்கடை, வாழையிலைச் சாப்பாடு. 2010-இல் இதை 'லிட்டில் இந்தியா' என்று அறிவித்து, தோரண வளைவெல்லாம் கட்டி அழகு செய்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால்தான் இந்த இடத்துக்கே இந்தப் பெயர். கந்தசாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம், விவேகானந்தா தமிழ்ப்பள்ளி எல்லாம் நடந்து போகிற தூரத்தில். பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தாராளமாக நடக்கிறார்கள். நான்தான் சாலையைக் கடக்கப் பயந்து நின்றேன்.

பெரிய சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். அந்தப் பலகையைப் பார்த்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்த தொழிலாளர்களில் அப்பாவும் ஒருவர். அந்தப் பத்து வெள்ளிக்காக அம்மா போட்ட சண்டை கொஞ்சமல்ல!

தம்பி காட்டிய வீடு கடைக்கு மேலே மூன்றாவது மாடி. இரண்டு அறை. வாடகையைச் சொன்னதும் வீட்டுக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியானது. அதை முழுதாக எண்ணிக் கொடுத்தாலும் தண்ணீர், கரண்டு பில்லுக்குக் கடன்தான் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டேன். மூன்று வருடம் அங்கே இருக்கும் தம்பிக்குத் தெரியவில்லை.

மறுபடி ரயில். நான்காவது நிறுத்தம் செந்தூல். வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே பட்டறையை நம்பி நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த ஊர். இப்போது பட்டறை இல்லை. பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005-இல் நாடக அரங்கமாகிவிட்டது. சுற்றிலும் வானளாவிய கொண்டோக்கள், நடுவில் நம் போன்றோரின் அடுக்குமாடிகள். பிரிக்ஃபீல்ட்ஸின் பளபளப்பு இல்லை. குப்பையும் கொஞ்சம் அதிகம்தான், மறைப்பானேன்.

முதலில் பார்த்தது பதினோராவது மாடி. இரண்டு லிப்டில் ஒன்று பழுது. இருபது நிமிடம் காத்திருந்து ஏறினோம். "லிப்டு ரெண்டும் நின்னா அரிசி மூட்டையை யாரு தூக்குறது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அதோடு அது முடிந்தது.

அடுத்தது நாத்தனார் குடியிருக்கும் பழைய அடுக்குமாடியில், முதல் மாடி. வாசலில் சாயத் தகரத்தில் கறிவேப்பிலைச் செடி. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, பெயரைக்கூடக் கேட்காமல், "எந்தத் தோட்டம்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வாடகை பிரிக்ஃபீல்ட்ஸில் பாதிக்கும் கொஞ்சம் மேல். பேரனுக்குத் தம்புசாமிப் பிள்ளை தமிழ்ப்பள்ளி இருக்கிறது. மகளுக்கு எல்.ஆர்.டி.யில் ஒரே நிறுத்தம் தித்திவங்சா. ஆஸ்பத்திரி அங்கிருந்து பக்கம். எதிர்ப்பக்கம் ரயிலேறினால் நான்காவது நிறுத்தத்தில் பத்துமலை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் ஈப்போ சாலை வழியாகத்தான் வரும். தோட்டத்து லாரியில் நெருக்கியடித்துக்கொண்டு பத்துமலைக்குப் போனவள் நான்!

ஆனால் நாத்தனார் ஒன்றை ஒளிக்கவில்லை. "அண்ணி, ராத்திரியானா படிக்கட்டுக்கு அடியில பையனுங்க கூட்டம் போடுவானுங்க. சொல்லலைன்னு அப்புறம் பேசக்கூடாது" என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அங்கேயே தங்கினோம். பதினோரு மணிக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய், எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து வீடு வரை ஒருமுறை நடந்து வந்தார். "பதிமூணு நிமிஷம். ரெண்டு விளக்கு எரியல. ஒட்டுக்கடை திறந்திருக்கு. பையனுங்க நாலு பேரு இருந்தானுங்க, வழி விட்டானுங்க" என்றார். மகள் இரவு திரும்பும் நாட்களில் நிலையத்துக்கே போய்க் கூட்டி வருவதென்று அவரே முடிவு செய்துகொண்டார்.

ஒன்று சொல்ல மறந்தேன். முதல் மாத வாடகை, இரண்டு மாத முன்பணம், தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம் என்று ஆரம்பத்திலேயே மூன்றரை மாத வாடகை கையில் இருக்க வேண்டும். சேமநிதிப் பணத்தில் கை வைத்துத்தான் கட்டினோம். அதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

மாதக் கடைசியில் சாமான் ஏற்ற லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. அம்மியைக் கொண்டுபோகிறேன், முதல் மாடிதானே. கோழி ஏழையும் பக்கத்து லயன் அக்காவிடம் விட்டுவிட்டேன். சேவலை மட்டும் அறுக்கக்கூடாதென்று பேரன் அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறான்.