ரப்பருக்குத் திணை இல்லை

நாஞ்சில் நாட்டு எழுத்தாளர்கள் என்று ஒரு பட்டியல் போடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கவிமணியில் தொடங்கி, கிருஷ்ணன் நம்பி, சுந்தர ராமசாமி, நாஞ்சில் நாடன் வழியாக ஜெயமோகனில் வந்து முடிப்பார்கள். இத்தனை பேர் எப்படி என்று கேட்டால் மண்வளம் என்று பதில். குலசேகரத்துக்காரனான எனக்கு இதில் இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. ஒன்று பூகோளம் சம்பந்தப்பட்டது. மற்றது என் வீடு சம்பந்தப்பட்டது.

பழைய வழக்கில் நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகள்தாம். தேரூரும் அழகியபாண்டிபுரமும் வீரநாராயணமங்கலமும் அதற்குள் வரும். வயல், குளம், நெல், அதைச் சுற்றிய வாழ்க்கை. குலசேகரம் பழைய கல்குளம் தாலுகா. மேடும் பள்ளமுமான விளைகள். பேச்சு பாதி மலையாளம். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டபோது எங்கள் மலையில் தேங்கிய நீர் கால்வாய் வழியே அவர்கள் வயலுக்குப் போயிற்று. 1956 நவம்பர் 1இல் இரு பகுதிகளும் சேர்ந்தே தமிழ்நாட்டுக்கு வந்தன என்பதற்காக இரண்டும் ஒரே நிலம் ஆகிவிடாது. திருவரம்பில் வளர்ந்த ஜெயமோகனையும், தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரானையும் நாஞ்சில் நாட்டுக்குள் அடைப்பது விமர்சனச் சோம்பல் என்றே எனக்குப் படுகிறது.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் விளையில் முன்பு பிலாவு, அயனி, கொல்லாமாவு, புளி எல்லாம் நின்றன. மரங்களில் நல்லமிளகுக் கொடி. இடையில் மரச்சீனி. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா அத்தனையையும் வெட்டி ரப்பர் வைத்தார். வெட்டு நடந்த நாட்களில் பாட்டா வீட்டைவிட்டு இறங்கவில்லை. கன்றுகள் ஆள் உயரம் வந்த பிறகு ஒரு நாள் வந்து பார்த்தார். 'இதுல திங்கதுக்கு என்னலே இருக்கு?' என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. பதில் ஏழாண்டு கழித்துச் சிரட்டையில் சொட்டியது.

விடியுமுன் வெட்டு. வெயில் ஏறுமுன் பால் எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைப்புரையில் தொங்கவிட வேண்டும். அந்த நாற்றத்தில்தான் நான் படித்தேன். சீட் விற்ற பணம் என் கல்லூரிக்கு. வெட்டுச்சாலில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்து விற்கிற காசு எனக்கு. அதில் வாங்கிய முதல் நாவல் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'.

1964இல் வந்த அந்த நாவலை ரப்பர் மூட்டில் உட்கார்ந்து படித்தேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு பனைகூட இல்லை. அதில் பனை இயற்கை வர்ணனை அல்ல. யார் ஏறுகிறவன், யார் சொந்தக்காரன் என்று பிரிக்கிற கோடு அது. லிஸியும் தங்கராஜும் அந்தக் கோட்டில்தான் முட்டிக்கொள்கிறார்கள். நிலம் என்பது உழைப்பும் உறவும் என்பதை எனக்குச் சொன்ன முதல் புத்தகம் அது. அடுத்து 'ஒரு புளியமரத்தின் கதை' (1966). நாகர்கோவில்காரர்கள் அதில் தங்கள் ஊரைக் கண்டிருக்கலாம். நான் எங்கள் பிலாவைக் கண்டேன். 1990இல் 'ரப்பர்' வந்தபோது எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டை யாரோ அச்சுக்குக் கொடுத்துவிட்டது போல் இருந்தது. ரப்பரால் உயர்ந்த ஒரு குடும்பத்தின் சரிவு அது. நாலைந்து நாட்கள் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதே ஆசிரியரின் 'காடு' (2003) இந்த மலைகளுக்குச் சங்கக் குறிஞ்சியைத் திருப்பிக் கொண்டுவருகிறது. காட்டுக்குத் திணை உண்டு. அதனால் அது சாத்தியம். ரப்பர் பிரேசில் மரம். 1876இல் விதையாக லண்டனுக்குப் போய், இலங்கை வழியாக இந்தப் பக்கம் வந்தது. முதல், கரு, உரி என்று பார்த்தால் இதற்கு என்ன உரிப்பொருள்? முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். ரப்பருக்குக் கூச்சம் என்று சொல்லத் தோன்றுகிறது. இதைத் தின்று வளர்ந்தவனுக்கு, இது எதை அழித்துவிட்டு வந்தது என்று தெரிந்திருப்பதன் கூச்சம்.

வெளியூர் நண்பர் ஒருவர், கவிஞர், எழுத்தாளர்களை உருவாக்கிய நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். திற்பரப்பு அருவிக்கும் திருவட்டாறு கோவிலுக்கும் கூட்டிப்போனேன். வழி நெடுக ரப்பர். 'எவ்வளவு பச்சை! இங்கே பிறந்தால் யாரும் எழுதிவிடுவார்கள்' என்றார். நான் இங்கேதான் பிறந்தேன். எழுதவில்லை. எழுதியவர்கள் பச்சையைப் பார்த்து எழுதியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. பச்சைக்குக் கீழே வெட்டுண்ட மூடுகள் அவர்கள் கண்ணில் பட்டன. பார்த்ததை மறைக்காத துணிவும் இருந்தது. எனக்கும் அவை கண்ணில் பட்டன. ஆனால் அந்தப் பணத்தில்தான் என் புத்தகங்கள் இருந்தன. இதை நண்பரிடம் சொல்லவில்லை. ஊர் திரும்பிய அவருக்கு எழுதிய கடிதத்திலும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

இப்போது எங்கள் விளையில் இரண்டாம் தடவை வைத்த மரங்களிலும் வெட்டப் பட்டை இல்லை. போன மாதம் தம்பி வந்திருந்தான். மூட்டோடு எடுத்துவிடலாம், அடுத்து என்ன வைக்கலாம் என்று கேட்டான். பிலாவு வை என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் விளையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

'யாரு திங்கதுக்கு அண்ணா?' என்றான்.