பையில இருந்த ரப்பர் கொட்டை

போன மாசம் நம்ம கோவில் சமய வகுப்புப் பிள்ளைகளை வெளியில நடக்கக் கூட்டிட்டுப் போனோம்ல, அதைப் பத்தி நிறைய பேர் கேட்டீங்க. படம் மட்டும் போட்டுட்டு சும்மா இருந்துட்டேன். அன்னைக்கு நான் பண்ண ஒரு தப்பையும் சொல்லாம விட்டா மனசு கேக்காது. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

மொத்தம் 11 பிள்ளைங்க, அஞ்சு வயசுல இருந்து எட்டு வயசு வரைக்கும். பெரியவங்க நாலு பேர். ஜித்ராவைச் சுத்தி ஒரு பக்கம் பெண்டாங், இன்னொரு பக்கம் மேடேறிப் போனா ரப்பர். மாடா வாய்க்கால் ஓரமா நடந்து, ஒரு பாக்சிக்கோட ரப்பர் தோட்டத்தைச் சுத்திட்டு, கோவிலுக்குத் திரும்பி அன்னதானம். அவர்கிட்ட முன்னாடியே அனுமதி கேட்டாச்சு. ரெண்டு கிலோமீட்டர் கூட இல்ல. முக்கா மணி நேரத்துல முடிச்சிடலாம்னு நான்தான் கணக்குப் போட்டேன்.

நான் 28 வருசமா ஃபேக்டரில வேலை. அங்க ஒரு ஆள் நின்னா லைனே நின்னுடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வரும், கோவிலுக்கும் வரும்.

காலைல ஏழரைக்குப் பசியாறிட்டு கிளம்பினோம். அறுவடை முடிஞ்ச பெண்டாங்ல கொக்கு கூட்டமா நின்னுச்சு. முன்னல்லாம் மழையை நம்பி வருசத்துக்கு ஒரு போகம்தான், மூடா, பெடு அணைத் தண்ணி வந்த 1970க்கு அப்புறம்தான் இங்க ரெண்டு போகம்னு சொல்ல ஆரம்பிச்சேன். யாரு கேட்டா? ஒரு பிள்ளை நத்தையைப் பாத்துட்டு உக்காந்திருச்சு. இன்னொண்ணு தண்ணியில இலையை விட்டு அது கூடவே ஓடுது. அரை மணி நேரத்துல வாய்க்கால் பாதியைக்கூட தாண்டல.

ரப்பர் தோட்டத்துக்குள்ள போனதும் நிழல். கொட்டை விழற நேரம் அது. வெயில் ஏற ஏற காய் 'டப்பு'னு வெடிக்குது. ஒரு காய்க்குள்ள மூணு கொட்டை, வெடிச்சா பல அடி தூரம் தள்ளிப் போய் விழும். சத்தம் கேட்டா பிள்ளைங்க கத்திக்கிட்டு அந்தப் பக்கம் ஓடும். எனக்கோ மணி மேல கண்ணு.

ஒரு பையன், ஆறு வயசு இருக்கும். ரெண்டு அடிக்கு ஒரு தடவை குனிஞ்சு பொறுக்குறான். மூணு தடவை சொல்லிப் பாத்தேன். நாலாவது தடவை, “டேய் தம்பி, அந்தக் குப்பையை எல்லாம் கீழ கொட்டிட்டு நட!”னு சத்தம் போட்டுட்டேன். அவன் ஒண்ணும் பேசல. காச்சட்டைப் பையைத் திருப்பி அவ்வளவையும் கொட்டிட்டு, உதட்டைக் கடிச்சிக்கிட்டு நடந்தான். கோவிலுக்கு வந்து சாப்பிடறப்ப கூட என் பக்கம் திரும்பல.

அடுத்த ஞாயிறு அவன் பாட்டி வகுப்புக்கு வந்துச்சு. நம்ம கோவில்ல பூ கட்டற பாட்டிங்கள்ல ஒருத்தவங்க. அதிகம் பேசமாட்டாங்க. கையில ஒரே ஒரு ரப்பர் கொட்டை.

“இதை எங்கப்பா எடுத்தீங்க? பேரப்புள்ள கொண்டாந்து குடுத்துச்சு. உனக்குத்தான் பாட்டி நிறைய எடுத்தேன், அங்கிள் கொட்டச் சொல்லிட்டாருன்னு அழுவுது.”

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. பாட்டி கோவிச்சுக்கல. சிமெண்டு தரையில உக்காந்து அந்தக் கொட்டையைத் தேய் தேய்னு தேச்சு, பேரன் கையில வச்சாங்க. “சுடுது!”னு அவன் துள்ளினான். அவ்வளவுதான், 11 பிள்ளைகளும் பாட்டியைச் சுத்தி உக்காந்தாச்சு.

அப்புறம் பாட்டி பேசினாங்க. விடியறதுக்கு முன்ன தப்பு அடிச்சதும் பெரட்டுக்கு ஓடினது, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில விட்டது, காண்டா வாளி தோளை அறுத்தது, மழை பேஞ்சா வெட்டு இல்ல, சம்பளமும் இல்லன்னு. ஒட்டுப்பால் வாசம் துணியில இருந்து போகவே போகாதாம். தோட்டத்துல ஒரு மரத்தடியில கல்லை வச்சுக் கும்பிட்டதையும் சொன்னாங்க. பத்து வருசமா அவங்க பக்கத்துல மாலை வாங்கியிருக்கேன், ஒரு நாளும் கேட்டதில்ல.

இத்தனைக்கும் எங்கம்மாவும் பால் வெட்டினவங்கதான். நானே அந்தக் கொட்டையைத் தேச்சு கூட்டாளி கையைச் சுட்டவன். அதைத்தான் நான் குப்பைன்னு சொன்னேன்.

1876ல பிரேசில்ல இருந்து லண்டனுக்கு எடுத்துட்டுப் போன கொட்டையில முளைச்ச 22 கன்று, மறு வருசம் சிங்கப்பூர் வந்துச்சு. பின்னால அந்த மரத்துக்காகத்தான் நம்ம பல பேரோட முன்னோர் கப்பல் ஏறினாங்க. வகுப்புல நான் சொல்லியிருந்தா பிள்ளைங்க கொட்டாவி விட்டிருக்கும். அந்தப் பையன் யாரும் சொல்லாமலே பொறுக்கிட்டு வந்தான்.

அன்னைக்கு மத்தியானமே மோட்டாரை எடுத்துட்டுப் போய், பாக்சிக்கிட்ட கேட்டு ஒரு பை நிறைய கொட்டை பொறுக்கினேன். பையன் வீட்டுக்குப் போய், “அங்கிள் பண்ணது தப்புய்யா”னு சொல்லிக் குடுத்தேன். எண்ணிப் பாத்து வாங்கிக்கிட்டான்.

அடுத்த நடை இந்த மாசக் கடைசி ஞாயிறு. பெற்றோருக்குச் சில விசயம்:

செலிப்பர் வேணாம், மூடின சப்பாத்து போடுங்க. தொப்பி, தண்ணி, ஒரு மாத்துத் துணி. வாய்க்கால் ஓரம் சின்னப் பிள்ளைங்க பெரியவங்க கையைப் பிடிச்சுக்கணும். கால்ல புண்ணு இருந்தா வயல் தண்ணியில இறங்க விடாதீங்க, எலி மூத்திரத்தால காய்ச்சல் வரும். வந்ததும் சவுக்காரம் போட்டு கை கால் கழுவணும். ரப்பர் கொட்டை விளையாட மட்டும்தான். பச்சையா வாயில வச்சா விஷம், முன்கூட்டியே சொல்லி வைங்க.

இந்தத் தடவை நேரம் போடல. பிள்ளைங்க நின்னா நாமளும் நிப்போம். பாட்டியும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, முழங்கால் வலி இருக்கறதால தோட்டத்து முனை வரைக்கும் கார்ல. உங்க வீட்டுலயும் பால் வெட்டின தாத்தா பாட்டி இருந்தா கூட்டிட்டு வாங்க. நாற்காலி நான் கொண்டு வர்றேன்.

அம்பாள் துணை.