தோற்காலுறை

குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் சேர்த்துக் கூறும் 'குறைஷ்' அத்தியாயத்தை எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். ஆயினும் குளிர் என்பது இன்னதென்று என் உடம்பு அறிந்தது, சென்ற அக்டோபர் மாதம் இங்கிலாந்து சென்றபோதுதான்.

பிராட்ஃபோர்டு நகரில் பணிபுரியும் என் மகன் விடுமுறைக்கு அழைத்திருந்தான். நாட்டுப்புறக் காட்சிகளைப் படமெடுப்பதில் எனக்கு நெடுநாளைய ஆசை உண்டு. ஒளியின் இயல்பை ஆராய்ந்து 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலை யாத்த பஸராப் பேரறிஞர் இப்னுல் ஹைஸமைக் காமிராவைக் கையிலெடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சென்ற மறுநாளே யார்க்ஷயர் டேல்ஸ் பகுதியிலுள்ள மால்ஹம் என்னும் சிற்றூருக்குப் போனோம். அங்கே சுண்ணாம்புப் பாறையொன்று ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்திற்கு வளைந்து நிற்கிறது. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்கள், நம் வயல் வரப்புகளைப் போலப் புல்வெளிகளைப் பிரிக்கின்றன. அவற்றினூடே செம்மறிகள் மேய்கின்றன. அம்மாதத்தில் நண்பகலிலும் கதிரவன் தாழ்ந்தே நிற்பதால் ஒவ்வொரு சுவரும் நீண்ட நிழலை விரிக்கிறது. படமெடுப்போர்க்கு வேறென்ன வேண்டும்!

மகன் கம்பளி மேலங்கியை நீட்டினான். "சால்வையே போதும்" என்று மறுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. கை நடுங்கியதால் எடுத்த படங்கள் யாவும் கலங்கியிருந்தன. காமிராவின் பாட்டரியும் சோர்ந்துவிட்டது. குளிரில் அதனுள் நிகழும் இரசாயன வினை மந்தமாகிவிடுமாம்.

லுஹர் தொழுகைக்காக ஓடையில் உளூச் செய்தேன். பாதங்களைக் கழுவியபோது நீரின் குளிர்ச்சி எலும்புவரை ஏறியது. அஸருக்கு மீண்டும் ஓடையில் இறங்க முற்பட்டபோது, மகன் தன் பையிலிருந்து ஒரு சோடித் தோற்காலுறையை எடுத்து என் முன் வைத்தான்.

"இப்போது கழுவிவிட்டு இதை அணிந்துகொள்ளுங்கள், அத்தா. அடுத்த உளூவுக்கு மஸ்ஹு செய்தால் போதுமே."

"அதெல்லாம் இயலாதவர்களுக்கு" என்றேன்.

"நோயாளிக்கு மட்டும் உரிய சலுகையன்று என்று எனக்குப் பாடம் நடத்தியவரே நீங்கள்தானே, அத்தா" என்றான் பணிவாக.

எனக்கு மறுமொழி கூற வாயெழவில்லை. முழுமையான உளூவுக்குப் பின் அணிய வேண்டும். ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகல்களும் மூன்று இரவுகளும் தவணை. காலுறையின் மேற்புறத்தைத் தடவ வேண்டும் - இச்சட்டங்களை ஆண்டுதோறும் நடத்தியவன் நான். ஒரு நாளும் அணிந்ததில்லை. நம் வெப்ப நாட்டில் அதற்கு அவசியமும் நேரவில்லை. ஆனால் அன்று நான் மறுத்ததைப் பேணுதல் என்று எவ்வாறு சொல்வேன்? அண்ணல் நபி (ஸல்) அவர்களே மஸ்ஹு செய்திருக்க, அது எனக்கு வேண்டாமென்று நின்றது என் பெருமையல்லவா? கடைசியாக ஒருமுறை காலைக் கழுவிவிட்டு, காலுறைகளை அணிந்துகொண்டேன்.

மறுநாள் மகன் சொற்படியே உடுத்தினேன். தடித்த ஓர் ஆடையைவிட மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது. இடையில் தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. மாற்றுப் பாட்டரியை உட்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீடு திரும்பியதும் காமிராவைப் பையிலிருந்து உடனே எடுக்கவில்லை. எடுத்தால் கண்ணாடியில் நீர் முத்துக்கள் படிந்துவிடும்.

'நஹ்ல்' அத்தியாயத்தின் 81ஆவது வசனம், வெப்பத்தினின்று காக்கும் ஆடைகளைக் கூறுகிறது. குளிரும் அதில் அடங்கும் என்பர் விரிவுரையாளர். அதே அத்தியாயத்தின் 5ஆவது வசனமோ, கால்நடைகளில் நமக்குக் கதகதப்பு இருப்பதைக் கூறுகிறது. கம்பளியைப் போர்த்தியபடி அச்செம்மறிகளைப் படமெடுத்தபோது அவ்வசனத்தை ஓதிக்கொண்டேன். அந்தப் படம் கலங்காமல் வந்தது.

இப்பொழுது மஸ்ஹுப் பாடம் நடத்தும்போது அக்காலுறைகளை மேசைமீது வைக்கிறேன். அந்த ஓடைக்கரையில் நடந்ததையும் மறைக்காமல் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.