புல் முடிந்த வழி

பூண்டி என்னும் பெயருடைய ஊர்கள் தமிழகத்தில் பல. நீர்த்தேக்கத்தால் பெயர்பெற்ற பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஈண்டுக் கூறப்படுவது பழனி மலைத்தொடரிலே, கோடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூர், கவுஞ்சி முதலிய மேல்மலை ஊர்களின் அண்மையில் அமைந்த பூண்டியாகும். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் திருத்திய நிலங்களில் உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் காரட்டும் விளைகின்றன. சமநிலத்தில் நூறடி நடப்பது இப்பகுதியில் அரிது. ஆதலின் இங்குள்ள சிறுவர்க்கு ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல.

இத்தகைய நிலத்திற்கே உரிய விளையாட்டு ஒன்று உண்டு. விளையாட்டு ஆசிரியர்கள் அதனைக் 'கிராஸ் கன்ட்ரி' என்பர். காடுமேட்டு ஓட்டம் எனத் தமிழில் கூறலாம். திடலில் ஓடுபவனுக்குச் சுண்ணாம்புக் கோடே வழிகாட்டி. காடுமேட்டில் ஓடுபவனோ புல்லும் சேறும் ஓடையும் கடக்க வேண்டும்; வழியையும் தானே நோக்கிச் செல்ல வேண்டும். ஆகவே அவனுக்கு மூச்சின் வலிமையும் வேண்டும், வழியறிவும் வேண்டும். முன்னதைக் கற்பிக்கும் பலர் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உயிர்க்காற்றுக் குறைவாகவே கிட்டும். 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் 2,240 மீட்டர் உயரமுள்ள மெக்சிகோ நகரில் நடைபெற்றன. கென்யாவின் மலைநாட்டில் வளர்ந்த கிப் கெய்னோ அங்கே 1,500 மீட்டர் ஓட்டத்தில் முதல்வரானார். இதனைக் கேட்ட மலைச்சிறுவன், 'நானும் மலையில் பிறந்தவன்தானே!' என்று நிமிர்வான். நிமிரட்டும். ஆனால் பிறப்பு மட்டும் போதாது. பயிற்சியில்லாச் சிறுவர் கன்றுபோல் துள்ளிப் புறப்படுவர். முதல் மேட்டிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பர்.

ஆதலின் முதற்பாடம் மெல்ல ஓடுதல். பக்கத்தில் வருபவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே தக்க வேகம். பேச்சு அறுந்தால் நடக்க வேண்டும். மூச்சுச் சீரானதும் மீண்டும் ஓடலாம். ஏற்றத்தில் அடிகள் குறுகுதல் வேண்டும். வாரந்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இந்தியத் தேசியப் போட்டியில் பதினாறு வயதுக்குட்பட்டோர் ஓடுவதே 2 கிலோமீட்டர்தான். பத்து வயதுச் சிறுவனை அதனினும் மிகுதியாக விரட்டுதல் அறியாமை. வளர்ந்த வீரர்க்கும் வரம்பு உண்டு. 1924இல் பாரிசு நகரில் கடும்வெயிலில் நடந்த ஒலிம்பிக் காடுமேட்டு ஓட்டத்தில் 38 பேர் புறப்பட்டனர். முடித்தவர் 15 பேரே. பின்லாந்தின் பாவோ நூர்மி வென்றார். அதன்பின் அவ்வோட்டம் ஒலிம்பிக்கினின்றும் நீக்கப்பட்டது.

இனி வழியறிவு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழி கூறுவது. அதனால் கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெற்றது. புதியவர்கள் செல்லும்போது, வழிகள் கூடும் சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து வைக்குமாறு அதன் ஆசிரியர் பெருங்கௌசிகனார் அறிவுறுத்துகின்றார். பின்வருவோர் வழி தவறலாகாது என்பது கருத்து. இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவர் காகிதத் துண்டுகளைச் சிதறிக்கொண்டு ஓடி விளையாடியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். நம் கூத்தர் புல் முடிந்ததோ அதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்னர்! பிற்காலத்து ஓட்ட விதிகளில் இடப்பக்கம் செங்கொடியும் வலப்பக்கம் வெண்கொடியும் 125 மீட்டர் தொலைவிலேயே தெரியுமாறு நடப்பட்டன. புல்லும் காகிதமும் கொடியும் செய்யும் பணி ஒன்றே.

பூண்டியில் இதனைக் கற்பிக்கப் பொருட்செலவு இல்லை. முதல்நாள் ஓட வேண்டா. வழி முழுவதையும் நடக்க வேண்டும். பிரிவு வந்தவிடத்து நின்று, பாறையையோ மரத்தையோ அடையாளமாகக் கொள்ள வேண்டும். பின்னே திரும்பியும் பார்க்க வேண்டும். போகும்போது கண்ட இடம் வரும்போது வேறாகத் தோன்றும். பின்னர்ச் சிறுவர் மண்ணில் அவ்வழியைக் குச்சியால் வரைவர். ஒருவன் மறந்த வளைவை மற்றொருவன் திருத்துவான். குறுக்குவழி கண்டு பாய்வதற்கு இடங்கொடுத்தலாகாது. கொடியை விட்டு விலகினால் யாரோ ஒரு குடும்பத்தின் பூண்டுப்பாத்தி மிதிபடும்.

இங்கே அஞ்சத்தக்கது மஞ்சு. நொடியில் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் உள்ளதை மறைத்துவிடும். அப்பாலுள்ள சோலைக்காட்டில் காட்டெருமைகள் உலவுகின்றன. ஆகையால் இருவர் இருவராகவே ஓட விடுதல் வேண்டும். ஒவ்வொருவன் கழுத்திலும் ஓர் ஊதல் தொங்க வேண்டும். அடுத்த கொடி தெரியாவிடின் நிற்க வேண்டும்; ஊத வேண்டும்; விடை ஊதல் கேட்கும்வரை இடம் பெயரலாகாது. வேகமாக ஓடுபவனுக்கு இந்த நிற்றலே மிகக் கடினமான பாடம். பந்தயம் போய்விடுமே என்று கால் துடிக்கும். அவ்வாறு நின்றவனைக் கடைசியில் வந்தவன் என ஆசிரியர் எள்ளலாகாது.

மூத்த மாணவர் இருவர் எல்லார்க்கும் பின்னே மெல்ல ஓடிவந்து கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு வருவர். அவர்கள் வந்த பிறகும் ஆசிரியர் புறப்படுவதில்லை. தலைகளை ஒருமுறை எண்ணுவார். மஞ்சு மிகுந்த நாளாயின் இருமுறை எண்ணுவார்.